எக்ஸ்ரே எலியா சொன்ன சாட்சி

எலியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் வந்த எந்தக் காகிதத்தையும் முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கரண்ட் பில், கல்யாணக் கடிதம், ரேஷன் கார்டு, எதுவானாலும் சரி. ஜன்னல் பக்கம் திரும்பி, கையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, தலையை இடப்பக்கம் சாய்த்து, "ம்ம்" என்று ஒரு மூச்சு விடுவார். அப்புறம்தான் கையைத் தாழ்த்தி வாசிப்பார். முப்பத்தெட்டு வருடமாக அவர் மனைவி கிருபாபாய் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஏதோ பெரிய காரியம் என்று நினைத்தாள். இப்போது அந்த "ம்ம்" காதில் விழுந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஆஸ்பத்திரியில் வந்தது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். டாக்டராகவும் அல்ல, படம் எடுக்கிறவராகவும் அல்ல. இருட்டறையிலிருந்து வரும் ஈரப் படங்களைக் கிளிப்பில் தொங்கவிட்டு, உலர்ந்த பிறகு கவரில் போட்டு, மேலே பேர் எழுதி, நோயாளியின் கையில் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. கொடுக்கும்போது ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். வாங்குகிறவன் பயந்துபோய் "எப்படி இருக்கு சாரே?" என்று கேட்பான். அந்த "சாரே" எலியாவின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு இறங்கவே இல்லை.

கேரள எல்லையோரம் உள்ள எங்கள் ஊரான கொல்லயிலில் அவருக்குப் பெயர் எக்ஸ்ரே எலியா. ரிட்டையர் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்கள் படத்தோடு வருவார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். "நெஞ்சில கொஞ்சம் பழைய சளி உண்டு, வேற ஒண்ணும் இல்ல கேட்டியா" என்பார். "எலும்புல ஒரு சின்ன கீறலாக்கும், கஞ்சி குடி, கூடிரும்" என்பார். கிருபாபாய் சாயா போட்டுக்கொண்டு வருவாள். அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியும். படத்தின் மூலையில் வலது என்பதற்கு அடையாளமாக ஒரு எழுத்து இருக்கும். அது தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் நிற்பதைச் சாயா தட்டோடு நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவர் பாட்டுக்கு "ம்ம்" போட்டுக்கொண்டிருப்பார். அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஆட்கள் முன்னால் பேச அவளுக்கு நா எழாது.

அப்படிப் பேசாமல் நின்ற ஒரு நாள் மட்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சரசம்மாவின் புருஷன் இருமிக்கொண்டே ஒரு படத்தைக் கொண்டுவந்தார். "பழைய சளி" என்றார் எலியா. அந்த மனிதர் நம்பிப்போய் ஆறு மாதம் டாக்டரிடம் போகாமல் இருந்தார். ஏழாம் மாதம் செத்தார். அந்த வாக்குதான் காரணம் என்று சரசம்மாவுக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அவள் வீட்டுப் பலாவில் சக்கை பழுத்தால் முதல் துண்டு இந்த வீட்டுக்குத்தான் வந்தது. எலியா சுளையைத் தின்றுவிட்டு, "இது போன வருசத்தக் காட்டிலும் இனிப்பு கொறவு" என்பார்.

காலம் மாறி, ஆஸ்பத்திரிகளில் படத்துக்குப் பதில் சிடித் தகடு கொடுக்கத் தொடங்கினார்கள். அதையும் ஒருவன் கொண்டுவந்தான். எலியா அதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதில் அவருக்குத் தன் மீசைதான் தெரிந்திருக்கும். "கொழப்பம் இல்ல" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் வைகாசி மாதம் கிருபாபாய் ஒன்றைக் கவனித்தாள். எலியா கக்கூசுக்குப் போனால் தண்ணீர் கோரி ஊற்றும் சத்தம் கேட்டது. கல்யாணமான நாள் முதல் ஒரு கப் தண்ணீர் ஊற்றாத மனிதர். அந்த வேலை அவளுக்கென்று விட்டிருந்தார். இப்போது மூன்று கப், நான்கு கப் ஊற்றுகிறார். இரண்டு வாரம் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய வேட்டியைத் துவைக்கும்போது ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு கண்டாள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"சூடாக்கும். ரெண்டு கருக்கு வெட்டிக் குடிச்சா தீரும்."

"வேதனை உண்டா?"

"வேதனை இல்லாததுனாலதான் சொல்லுகேன், சூடுன்னு. கல்லுன்னா வலிக்கும். நான் எத்தனை கல்லு பாத்தவன்!"

வலி இல்லாமல் ரத்தம் போவதுதான் பயப்பட வேண்டியது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. படத்தை உலர்த்துகிறவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? பத்து இளநீர் குடித்தார். ரத்தம் நிற்கவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது கிருபாபாய் கூடவே போய், அவர் மருந்து வாங்கும் வரிசையில் நின்ற நேரம் பார்த்து, டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, மெதுவான குரலில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். டாக்டர் உடனே வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே சரசம்மாவின் மகள் சோனா வேலை பார்க்கிறாள். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரம் போகாமல் அடக்கி வைத்து, பை நன்றாக நிறைந்த பிறகு வந்து படுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னாள். காத்திருக்கும் பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள், பாதிப் பேர் கர்ப்பிணிகள். கையில் பாட்டிலோடு, காலை மாற்றி மாற்றிப் போட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். எலியாவும் பாட்டிலோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் காலும் ஆட ஆரம்பித்தது. செங்கல் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவன் அவரை அடையாளம் கண்டு, "சாரே, நீங்களுமா?" என்று கேட்டான்.

"நான் சும்மா மெஷினப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு எலியா எழுந்தார். நடை வழியே போனவர் திரும்பி வரும்போது கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் நல்ல சமாதானம். கிருபாபாய் அந்தக் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தவர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகும் அப்படி நினைத்ததற்கு அவள் தன்னையே இன்றுவரை மன்னிக்கவில்லை.

உள்ளே ஸ்கேன் டாக்டர் பை நிறையவில்லை, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று சொன்னார். "நான் இந்த பீல்டுல இருந்த ஆளாக்கும். தெரிஞ்சத எழுதித் தாங்க, போதும்" என்றார் எலியா. டாக்டர் கண்டதை எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று எலியா ரிப்போர்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கல்லீரலில் கோளாறு இல்லை, சிறுநீரகத்தில் கல் இல்லை என்று நாலைந்து இல்லைகளை வாசித்தார். கடைசி இரண்டு வரி வந்ததும் காகிதத்தை மடக்கிவிட்டார்.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. சூடுன்னு சொன்னேன் அல்லியோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் சாட்சி சொன்னார். தேவன் செய்த நன்மையை எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று சொல்லிக் காணிக்கை வைப்பது எங்கள் பக்கத்துச் சபைகளில் உள்ள வழக்கம். ஒருமுறை சாட்சி சொல்லிவிட்டால், அந்த நோய் அதோடு முடிந்தது என்று அர்த்தம். பிறகு அதே நோய்க்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் சபை முகம் சுளிக்கும். எலியா காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனையில் சொன்னார். அது போதாதென்று ஒன்பதரைக்கு மலையாள ஆராதனையிலும் சொன்னார். மலையாளத்தில் நோய் இன்னும் கொஞ்சம் பெரிதாகவும், சுகம் இன்னும் கொஞ்சம் வேகமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கக்கூசில் நான்கு கப் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் கிருபாபாய் ரிப்போர்ட்டை வேதப்புத்தக உறைக்குள் மறைத்துக்கொண்டு சரசம்மா வீட்டுக்குப் போனாள். சோனா வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வரியை வாசித்ததும் சீப்பைக் கீழே வைத்தாள்.

"மாமி, மூத்திரப் பைய பாக்க முடியல்லன்னுல்லா இதுல எழுதியிருக்கு! பைய நெறைச்சிட்டு மறுபடியும் எடுக்கணும்னு போட்டிருக்கு. மாமா வாசிக்கல்லியா?"

"வாசிச்சாரு. மீதி எல்லாத்தையும்."

"காத்து போன பலூன்ல என்னத்தப் பாக்க மாமி? சுருங்கிக் கெடந்தா எது மடிப்பு, எது மொளைன்னு தெரியாது. மொளைன்னா..." சோனா நிறுத்தினாள். "அது அப்படியே நிக்காது மாமி. உள்ளோட்டு வேரு எறக்கும். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

கிருபாபாய் வீட்டுக்கு வந்து சொன்னாள். எலியா முற்றத்தில் நாற்காலியில் இருந்தார்.

"சோனாவா சொன்னா? நான் பிலிம் பாக்கும்போ அவளுக்க அப்பன் நிக்கர் போட்டுட்டு நடந்தவனாக்கும்."

"அவரும் உங்க வாக்கக் கேட்டுத்தான் போனாரு."

எலியாவுக்கு அது புரியவில்லை. அல்லது புரியாத மாதிரி இருந்தார். "எட்டி, சாட்சி சொல்லியாச்சு. இனி போய் ஸ்கேன் சென்டருல படுத்தா கர்த்தரப் பொய்யராக்கின மாதிரி ஆகும். அந்த விஜயதாஸ் என்ன சொல்லுவான்?"

விஜயதாஸ் சபைச் செயலாளர். விஜயதாஸ் என்ன சொல்வார் என்பதற்காக எலியா ஏழு வாரம் ரத்தமாகப் பெய்தார். இடையில் நாலு நாள் ரத்தம் நிற்கும். அப்போது முற்றத்தில் ராஜாவைப் போல நடப்பார். பிறகு மறுபடி நான்கு கப். சோனா வேலி ஓரம் நின்று கண்ணால் கேட்பாள். கிருபாபாய் இல்லை என்று தலையை ஆட்டுவாள். வேர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவளை உட்கார விடவில்லை. அந்த மனிதரிடம் அவளுக்கு மதிப்பு என்று மிச்சம் ஒன்றும் கிடையாது. அதற்காக, சரசம்மாவின் புருஷன் போன வழியில் இவரும் போவதைச் சாயா தட்டோடு நின்று இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது.

சபை வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. சீட்டில் எழுதிப் போட்டால் செயலாளர் எல்லோர் முன்னிலும் வாசிப்பார், சபை ஜெபிக்கும். யாருக்காக என்று பேர் இல்லாத சீட்டை விஜயதாஸ் வாசிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். முன்கூட்டிப் பார்த்து வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. பத்துச் சீட்டை ஒரே மூச்சில் ஓட்டுவார். அதையும் அவள் வருடக்கணக்கில் பார்த்து வைத்திருந்தாள்.

எட்டாவது ஞாயிறு விஜயதாஸ் வாசித்தார். "நிஜினுக்கு விசா கிடைக்க ஜெபிக்கவும். ஷிஜிக்குச் சுகப்பிரசவம் ஆக ஜெபிக்கவும். எலியாவுக்கு மூத்திரத்தில் இன்னும் ரத்தம் போவதால், பை நிறையத் தண்ணீர் குடித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்க அவருக்கு மனம் கொடுக்க..."

அங்கே நின்றுபோனார். யாரோ ஒரு கிழவர் பழக்கத்தில் "ஆமென்" என்றார். பின்வரிசைப் பெண்கள் முக்காட்டுக்குள் வாயைப் பொத்தினார்கள். எலியா கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூடியிருந்த புத்தகம்.

வீட்டில் வந்து குதித்தார். "எட்டி, என்ன நாணங்கெடுத்திட்டியே!"

"ஓ."

"ஆருட்ட கேட்டு எழுதின?"

"கேட்டா எழுத விட்டிருப்பீங்களா?"

"எட்டாங்கிளாசுக்காரி எழுதின எழுத்து! அதையும் ஒருத்தன் வாசிக்கான்!"

"அவருக்கு வாசிக்க முடிஞ்சுதே. கடைசி வரி வரைக்கும் வாசிச்சாருல்லா."

கல்யாணமான பிறகு அவள் அவரிடம் பேசியதில் இதுதான் நீளமான பேச்சாக இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் விஜயதாஸே கார் கொண்டுவந்தார். சபை ஜெபித்துவிட்ட காரியம், இனி அது சபையின் பொறுப்பு. எலியா ஒரு சாட்சியால் பூட்டிய வாசலை ஒரு சீட்டு திறந்துவிட்டது. ஸ்கேன் சென்டரில் விஜயதாஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எலியாண்ணே, இன்னும் ஒரு கிளாஸ்."

"எலே, எனக்கு முட்டுது."

"முட்டட்டும். ஜெபிச்ச பையாக்கும், ஒண்ணும் ஆகாது."

"நான் ஒண்ணு வெளியே..."

"வாங்க, நானும் வாறேன்."

எலியா உட்கார்ந்துவிட்டார். எதிரே இருந்த கர்ப்பிணி ஒருத்தி இரக்கப்பட்டு, "காலு நீட்டி இருங்க மாமா, கொஞ்சம் ஆசுவாசம் கிட்டும்" என்றாள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருகிற சார், காலை நீட்டி, முழங்காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னபடி செய்தார்.

இந்த முறை மெஷினில் பை நிறைந்து வட்டமாகத் தெரிந்தது. கறுப்பு வட்டத்துக்குள் இடப்பக்கச் சுவரில் காளான் மாதிரி ஒன்று. டாக்டர் அவரைச் சரிந்து படுக்கச் சொன்னார்.

"கல்லுதானே டாக்டர்?" என்றார் எலியா.

"கல்லோ ரத்தக்கட்டியோ ஆயிருந்தா நீங்க சரியும்போ அதும் உருளும். இது உருளல்ல. ஒட்டிப் பிடிச்சு நிக்குது. மூணு சென்டிமீட்டர்."

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கையில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரம் வரும் வழி முழுவதும், சிறுநீரகம் தொட்டுக் கீழே வரைக்கும், வேறெங்காவது மொளை உண்டா, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வேறெங்கும் இல்லை. அடுத்தது எம்.ஆர்.ஐ. வேர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அதில்தான் தெரியும் என்றார்கள். எக்ஸ்ரே எலியா அந்தக் குழாய்க்குள் போய், கையில் கொடுத்த மணியை மூன்று முறை அமுக்கி, "என்ன வெளிய எடுங்க, வெளிய எடுங்க" என்று கத்தினார். வெளியே பெஞ்சில் இருந்த கிருபாபாய்க்கு அது நன்றாகக் கேட்டது. நாலாவது முறை மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

படம் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பையின் சுவர் பல அடுக்கு என்று விளக்கினாள். மேலே மெல்லிய பூச்சு, அதற்கடுத்து தசை. பூச்சோடு நின்றால் சுரண்டி எடுக்கலாம். தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டிவரலாம். கிருபாபாய்க்கு அது உடனே புரிந்தது. அவர்கள் அடுப்படிச் சுவரில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். சாந்தோடு நின்றால் சுரண்டி வெள்ளையடிப்பாள். கல்லுக்குள் போயிருந்தால் சுவரை இடிக்க வேண்டும்.

எலியா படத்தைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். படம் இல்லை, கம்ப்யூட்டரில்தான் என்றாள் டாக்டர். அவருக்கு நோக்க ஜன்னல் இல்லாமல் போயிற்று. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் காட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள் கிருபாபாய். ஒரு டாக்டரிடம் அவள் வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி.

டாக்டர் திரையைத் திருப்பினாள். "இதா அம்மே, இந்தக் கறுத்த வரை கண்டோ? இதுதான் தசை. மொளை இதுக்கு மேல இருக்குது. வரை பொட்டல்ல. பேடிக்கண்டா, பயம் வேண்டாம்."

"வரை" என்று டாக்டர் சொன்ன அந்தக் கறுப்புக் கோடு ஒரு இடத்திலும் அறுபடாமல் போவதைக் கிருபாபாய் விரலால் தொடாமல், கண்ணாலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

மூத்திர வழியே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். லேபில் சோதித்து, தசைக்குள் இறங்கவில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரம் பைக்குள் மருந்து ஏற்றினார்கள். ஏற்றிய மருந்தை இரண்டு மணி நேரம் வெளியே விடாமல் அடக்கி வைத்திருக்க வேண்டும். எலியா அடக்கினார். பக்கத்தில் கிருபாபாய் வாட்சைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பீடி பழக்கம் உண்டா, இந்த நோய்க்கு அதுதான் முக்கியமான காரணம் என்று டாக்டர் கேட்டபோது, "விட்டு இருபது வருசம் ஆச்சு" என்றார். அடுப்படித் தீப்பெட்டி வாரத்துக்கு ஒன்று வீதம் எப்படித் தீர்கிறது என்று கிருபாபாய்க்குத் தெரியும். அங்கேயே அதையும் சொல்லிவிட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு எலியா இரண்டாவது சாட்சி சொன்னார். கர்த்தர் தனக்கு ஆரம்பத்திலேயே உணர்த்தினார் என்றும், தான் உடனே போய்ப் பார்த்ததால் வரை பொட்டாமல் தப்பியது என்றும் சொன்னார். "வரை" என்ற சொல்லை ஏழு தடவை சொன்னார். சீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏழு வாரத்தைப் பற்றியும் ஒன்றும் இல்லை. விஜயதாஸ் "ஸ்தோத்திரம்" என்றார். கிருபாபாய் பெண்கள் வரிசையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் சரசம்மா முட்டுவலிக்கு எடுத்த படத்தோடு முற்றத்துக்கு வந்தாள். எலியா கையை நீட்டினார். சாயா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் கை படுவதற்கு முன் கிருபாபாய் அந்தக் கவரை வாங்கிச் சரசம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத எழுதின டாக்டருட்ட கொண்டு காட்டு சரசம்மா. இவருக்கு ஒண்ணும் தெரியாது. பண்டும் தெரியாது."

"பண்டும்னா?" என்றாள் சரசம்மா. பதிலுக்கு நிற்காமல் கவரை இடுக்கிக்கொண்டு போனாள். அடுத்த பருவத்தில் அவள் வீட்டிலிருந்து சக்கை வரவில்லை.

இப்போது எலியா மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போகிறார். குழாய் விட்டுப் பைக்குள் பார்க்கிறார்கள். கடைசியாகப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. இந்த நோய் திரும்பி வரக்கூடியது, அதனால் வருடக்கணக்கில் இப்படிப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போகும் தேதி கிருபாபாயின் கையெழுத்தில் காலண்டரில் இருக்கிறது. முற்றத்து நாற்காலியில் ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். தீப்பெட்டி இப்போதும் வாரம் ஒன்று தீர்கிறது.